ஒன்பதாம் பாகத்தைக் காணோம்

அம்மா: சோஃபாவுக்கு அடியில பாத்தாச்சு.

அப்பா: குஷனைத் தூக்கிப் பாத்தியா?

அம்மா: தூக்கிப் பாத்தேன். ரெண்டு பென்சில், ஒத்தை சாக்ஸ், அப்புறம் உங்க ஸ்க்ரூ ஒண்ணு.

அப்பா: என் ஸ்க்ரூவா? நான் இந்த வீட்டுக்குள்ள கால் வச்சதே இல்லையே...

அம்மா: நீங்க வைக்கல. உங்க பொண்ணு பாக்கெட்ல போட்டுக் கொண்டாந்திருக்கா. இந்தாங்க.

அப்பா: அட! இது நான் ரிப்பேர் பண்ற லிஃப்ட் கதவு மோட்டாரோட ஸ்க்ரூ. இதைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டேன்.

அம்மா: ஸ்க்ரூ கிடைச்சிருச்சு. புத்தகம்தான் கிடைக்கல.

அப்பா: ஷூ ராக்குல இருக்குமோ?

அம்மா: ஷூ ராக்குல யாராவது புத்தகம் வைப்பாங்களா?

அப்பா: ஹேர்பேண்டை ஃபிரிட்ஜுக்குள்ள வச்சவதானே அவ. நகரு, நானே பாக்குறேன். ஷூ ராக் வாசலுக்கு வெளியதான இருக்கு. இதுவரைக்கும் எனக்கு அனுமதி உண்டு.

அம்மா: பாருங்க. அப்படியே தூசியையும் தட்டிடுங்க.

அப்பா: சுண்டு எங்க?

அம்மா: குளிக்கிறா. இப்பதான் நீச்சல் கிளாஸ் முடிஞ்சு வந்தா. தலையில அந்தக் குளோரின் வாடை போற வரைக்கும் வெளிய வர மாட்டா. துணியெல்லாம் எடுத்து வச்சாச்சு, உங்க வீட்டுக்குக் கெளம்ப வேண்டியதுதான்.

அப்பா: புத்தகம் இல்லாம கெளம்பி என்ன பண்றது? இந்த வாரம்தான் கடைசி அத்தியாயம்.

அம்மா: நீங்க நல்லா யோசிச்சுப் பாருங்க. உங்க வீட்டுலயே விட்டுட்டு வந்திருப்பா.

அப்பா: இல்ல. போன தடவை நானேதான் பையில வச்சேன். அதுக்கப்புறம் நீ ஒரு அத்தியாயம் படிச்சேல்ல?

அம்மா: ஆமா. நேத்து.

அப்பா: அப்ப நேத்து வரைக்கும் இங்கதான இருந்திருக்கு?

அம்மா: ...காலையில ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயிருப்பா. யாருக்குத் தெரியும்?

அப்பா: சரி, விடு. எங்க போயிடப் போகுது? சரி பண்ணிடலாம்.

அம்மா: ஆரம்பிச்சாச்சு.

அப்பா: என்னது?

அம்மா: ஒண்ணுமில்ல. தேடுங்க. கீழ் வீட்டு டீச்சர் வேற காலையிலேயே கேட்டுட்டாங்க. "உங்க வீட்டுல முடிஞ்சதும் எங்களுக்குத்தான்"னு. அவங்களுக்கு அடுத்து ரெண்டாவது மாடி. மொத்தக் கட்டடமும் நம்ம ஒரு புத்தகத்துக்குக் காத்துட்டு இருக்கு.

அப்பா: டீச்சர் வீட்டுக்கா? எட்டாம் பாகம் அவங்க வீட்டுல இருந்து திரும்பி வந்தப்ப அட்டையில பல்லு பதிஞ்சிருந்துது.

அம்மா: அவங்க சின்னக் குழந்தை கடிச்சது. டீச்சர் கடிக்கல.

அப்பா: நாய் கடிச்சிருக்கும்னு நான் நினைச்சேன்.

அம்மா: ஷ்... கதவு திறந்திருக்கு.

அப்பா: ராக்குல இல்ல. இங்க ஒரே இருட்டு வேற. ஆமா, என் படிக்கிற கண்ணாடி ரெடியாயிருச்சா? உன் கடையிலதான குடுத்திருந்தேன்.

அம்மா: ஆயிருச்சு. என் ஆஃபீஸ் பையில இருக்கு.

அப்பா: குடேன். போட்டுட்டுத் தேடுறேன்.

அம்மா: அது படிக்கிற கண்ணாடி. தேடுற கண்ணாடி இல்ல. கெளம்பும்போது தரேன்.

அப்பா: போட்டுத்தான் பாக்குறேனே. சரியா உக்காருதான்னு...

அம்மா: உக்காரும். ரெண்டு கண்ணுக்கும் நானே டெஸ்ட் பண்ணி, நானே ஃபிரேமை வளைச்சு வச்சிருக்கேன். உங்க இடது காது கொஞ்சம் மேல இருக்குறது எனக்குத் தெரியாதா?

அப்பா: என் காதைப் பத்தி கட்டடத்துக்கே சொல்லு.

அம்மா: சத்தம் போடுறது நீங்கதான்.

அப்பா: ம்... சரி. அப்புறம்?

அம்மா: என்ன அப்புறம்?

அப்பா: நேத்து என்ன ஆச்சு? சொல்லு.

அம்மா: அதானே! புத்தகம் காணோம்ங்கிற பரபரப்புல கேக்கவே மாட்டீங்களோன்னு பாத்தேன். இந்த வாசல்ல வந்து நின்னா முதல் வார்த்தையே அதுதானே.

அப்பா: கேக்காம எப்படி? அவகிட்ட கேட்டா வாயே திறக்க மாட்டா. "அம்மா வீட்டுல படிச்சதை அம்மாகிட்ட கேளு."

அம்மா: எனக்கும் அதே கதைதான். "அப்பா படிச்சதை அப்பாகிட்ட கேளு." எந்த வக்கீல்கிட்ட இந்தச் சட்டத்தைப் படிச்சாளோ.

அப்பா: மூணாம் பாகத்துல இருந்து இதே சட்டம்தான். நீ சொல்லு. நான் எங்க விட்டேன்னா, மிதக்கும் கடை நடு ஆத்துல நிக்குது. அடியில பெரிய ஓட்டை. நீர்நாய் முதலாளி சர்க்கரை மூட்டையையெல்லாம் தூக்கித் தூக்கி மேல அடுக்குறார். கடையில வேலை பாக்குற குமிழி வாளி வாளியா தண்ணியை மொண்டு வெளிய ஊத்துறா.

அம்மா: அந்த இடத்துல நிறுத்தியா அனுப்புவீங்க? எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

அப்பா: உனக்கா?

அம்மா: ...அவளுக்கு. அவளுக்குன்னுதான் சொல்ல வந்தேன்.

அப்பா: சரி சரி. மேல சொல்லு.

அம்மா: திடீர்னு தண்ணி வர்றது நின்னு போச்சு. ஓட்டை அப்படியேதான் இருக்கு. ஆனா ஒரு சொட்டு உள்ள வரல. குமிழி விளக்கை எடுத்துக்கிட்டுக் கீழ இறங்குறா. ஒரே இருட்டு. மாவு டின்னுக்குப் பின்னாடி ரெண்டு கண்ணு மட்டும் பளபளன்னு...

அப்பா: கொக்கு இன்ஸ்பெக்டர்!

அம்மா: குறுக்க பேசாதீங்க. கொக்கு இன்ஸ்பெக்டர்தான். எட்டு பாகமா "மிதக்கும் மளிகைக்கடையை மூடு, மூடு"ன்னு நோட்டீஸ் ஒட்டிட்டே திரிஞ்ச மனுஷன்.

அப்பா: கொக்கு.

அம்மா: சரி, கொக்கு. குமிழி கேக்குறா, "நீங்களா? இங்க என்ன பண்றீங்க?" அதுக்கு அவர், "விதிமுறைப்படி பாத்தா இந்த ஓட்டைக்கு அனுமதியே கிடையாது, தெரியுமில்ல?"

அப்பா: இரு, இரு. இன்னொரு தடவை சொல்லு.

அம்மா: எதை?

அப்பா: அவர் சொன்னதை. அதே குரல்ல.

அம்மா: "விதிமுறைப்படி பாத்தா... இந்த ஓட்டைக்கு... அனுமதியே கிடையாது, தெரியுமில்ல?"

அப்பா: இது நம்ம பழைய வீட்டு ஓனர்!

அம்மா: ...உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, தெரியுமில்ல?"

அம்மா: "மோட்டார் காலையில ஒரு தடவைதான், தெரியுமில்ல?"

அப்பா: அடிப்பாவி! நானும் கொக்குக்கு அவர் குரல்லதான் படிக்கிறேன். முதல் பாகத்துல இருந்து!

அம்மா: பொய் சொல்லாதீங்க.

அப்பா: "குழந்தை ஓடுற சத்தம் எங்க தலைக்கு மேல கேக்குது, தெரியுமில்ல?" இந்தா, மூக்கால பேசுறேன் பாரு. இதே குரல்தான்.

அம்மா: ஐயோ... நிறுத்துங்க, வயிறு வலிக்குது... அப்ப அவ ரெண்டு வீட்டுலயும் ஒரே கொக்கைக் கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க!

அப்பா: அழுத்தக்காரி. சரி, நீர்நாய்க்கு உன் வீட்டுல யார் குரல்?

அம்மா: அது... யார் குரலும் இல்ல. சும்மாதான் படிப்பேன்.

அப்பா: சும்மான்னா?

அம்மா: சும்மான்னா சும்மாதான். கதையைக் கேக்குறீங்களா, இல்லையா?

அப்பா: கேக்குறேன். பாவம் அந்தக் கொக்கு. ஓட்டைக்குள்ள ஒத்தைக் காலை விட்டு அடைச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் நின்னிருக்கும்!

அம்மா: இருங்க.

அப்பா: என்ன?

அம்மா: நான் காலைப் பத்திச் சொல்லவே இல்லையே.

அப்பா: சொன்னியே. இப்பதான்...

அம்மா: இல்ல. ரெண்டு கண்ணு பளபளன்னு தெரிஞ்சுதுன்னு சொன்னேன். அனுமதி கிடையாதுன்னு சொன்னேன். காலு எங்க இருந்து வந்துச்சு?

அப்பா: கொக்குன்னா... காலுதானே... ஒரு யூகம்தான்.

அம்மா: என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

அப்பா: லிஃப்ட் என்ன இப்படிக் கத்துது? உங்க கட்டடத்து லிஃப்ட் மூணாவது மாடில நின்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் மேல வருது. கவனிச்சிருக்கியா?

அம்மா: பேச்சை மாத்தாதீங்க.

அப்பா: ...என்கிட்ட இன்னொரு புத்தகம் இருக்கு.

அம்மா: என்னது?

அப்பா: ஒன்பதாம் பாகம். புத்தகக் கடை வரிசையில நின்னு வாங்கினேன்ல, அன்னைக்கு ரெண்டா வாங்கிட்டேன். ஒண்ணு அவளுக்கு. ஒண்ணு... எனக்கு.

அம்மா: அப்ப இங்க நாங்க படிக்கிற அத்தியாயமெல்லாம்...

அப்பா: முன்னாடியே படிச்சிடுவேன்.

அம்மா: எல்லாத்தையுமா? ஒவ்வொரு வாரமுமா? அப்புறம் இங்க வந்து நின்னு, கண்ணை இப்படி விரிச்சுக்கிட்டு, "ஐயையோ, அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு...

அப்பா: நீ சொல்லிக் கேட்டா நல்லா இருக்கும். புத்தகத்துல இருக்குறதை விட நல்லா இருக்கும். நீ அங்கங்க சேத்துக்குவே. மாவு டின் புத்தகத்துல இல்லவே இல்ல.

அம்மா: அந்த இடத்துல ஏதாவது ஒண்ணு இருக்கணும்னு தோணிச்சு.

அப்பா: அதைத்தான் சொல்றேன்.

அம்மா: ஒரு நிமிஷம். உங்க வீட்டுல ஒண்ணு இருக்குன்னா, இவ்ளோ நேரமா என் ஷூ ராக்கை எதுக்குக் கொடையிறீங்க? போனதும் அதை எடுத்துப் படிக்க வேண்டியதுதானே?

அப்பா: அது... படிக்கலாம்தான்.

அம்மா: பின்ன?

அப்பா: தேடினா கொஞ்ச நேரம் நிக்கலாமேன்னு. கடைசி அத்தியாயம் மட்டும் நான் படிக்கல. சத்தியமா. பக்கத்தைத் திறந்தேன், "கடை எந்தக் கரையில நிக்கப் போகுது"ன்னு தலைப்பு. டக்குன்னு மூடிட்டேன்.

அம்மா: இந்தக் கரைக்காரங்களும் கூப்பிடுறாங்க, அந்தக் கரைக்காரங்களும் கூப்பிடுறாங்க. அங்கதான் நேத்து நான் விட்டேன்.

அப்பா: தெரியும்.

அம்மா: எல்லாம் தெரியும். பெரிய ஆளு. சரி, இது உங்க முறை. படிச்சு முடிச்சதும் ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க.

அப்பா: ஃபோன்லயா? ஒன்பது பாகம் படிச்சுட்டு, முடிவை ஃபோன்லயா சொல்றது?

அம்மா: வேற எப்படி?

அப்பா: மூணு பேரும் ஒண்ணா உக்காந்து படிச்சா என்ன?

அம்மா: ...எங்க?

அப்பா: எங்க வேணா. கீழ பார்க் இருக்கு. பஸ் ஸ்டாப் பெஞ்சு இருக்கு. இல்ல, இங்கயே...

அம்மா: வேண்டாம்.

அப்பா: ஒரு அத்தியாயம்தான்.

அம்மா: வேண்டாம்னா விடுங்களேன். அவ தப்பா நினைச்சுக்குவா.

அப்பா: என்ன தப்பா?

அம்மா: அவ பொறந்த நாளுக்கு மூணு பேரும் ஹோட்டலுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? ரொம்ப நாள் முன்னாடி. நீங்க என் தட்டுல இருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கிட்டீங்க. பழைய பழக்கம். நானும் ஒண்ணும் சொல்லல.

அப்பா: அதுல என்ன இருக்கு?

அம்மா: வீட்டுக்கு வந்ததும் அவ அலமாரியில இருந்து அவ துணியெல்லாம் எடுத்துக் கட்டில்ல குவிச்சா. ஒரு தட்டு முழுக்கக் காலி. எதுக்குடின்னு கேட்டா, "அப்பா சட்டைக்கு"ன்னா. அதை மறுபடி நிரப்ப எனக்கு மனசு வரல. இன்னும் அப்படியேதான் காலியா கிடக்கு.

அப்பா: நீ சொல்லவே இல்லையே.

அம்மா: சொல்லி? "விடு, சரி பண்ணிடலாம்"னிருப்பீங்க.

அப்பா: அது லிஃப்டுக்குச் சொல்றது.

அம்மா: எல்லாத்துக்கும் சொன்னீங்க. நான் அழுதாலும் அதுதான், பால் பொங்கினாலும் அதுதான். என்ன உடைஞ்சுதுன்னு ஒரு தடவை கேட்டிருந்தா...

அப்பா: இப்ப கேக்குறேனே. வாரா வாரம் வந்து நின்னு, "அப்புறம் என்ன ஆச்சு"ன்னு கேக்குறேன்.

அம்மா: நீர்நாய்க்கு என்ன ஆச்சுன்னு கேக்குறீங்க.

அப்பா: கேக்கப் பழகிட்டு இருக்கேன்னு வச்சுக்கோ.

அம்மா: ...அடுத்த வாரம் இந்நேரம் என்ன பேசுவோம்?

அப்பா: பத்தாம் பாகம் வந்தா...

அம்மா: வராது. அட்டையிலேயே போட்டிருக்கு, "நிறைவுப் பாகம்"னு.

அப்பா: லிஃப்டைப் பத்திப் பேசலாம்.

அம்மா: அதைச் சரி பண்ணிட்டா?

அப்பா: நான் எதுக்குச் சரி பண்றேன்?

சுண்டு: நீங்க ரெண்டு பேரும் இப்படிச் சிரிச்சா எனக்கு ஷாம்பு கண்ணுல போகுது.

அம்மா: ஏய், தலையைத் துவட்டிட்டு வா. தரையெல்லாம் தண்ணி.

அப்பா: வாடா சுண்டு. உன்னைத்தான் கேக்கணும். புத்தகம் எங்க?

சுண்டு: எந்தப் புத்தகம்?

அப்பா: எந்தப் புத்தகமா? ஒன்பதாம் பாகம்!

சுண்டு: பையில இல்லையா?

அப்பா: உன் பையில இல்ல, சோஃபாவுல இல்ல, ராக்குல இல்ல. எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கியா?

சுண்டு: நான் எதுக்கு ஒளிக்கணும்?

அப்பா: கதை முடியக் கூடாதுன்னு... பரவால்லடா, அப்பாவுக்குப் புரியுது.

சுண்டு: எனக்குத்தான் முடிவு தெரியுமே.

அம்மா: என்னது?

சுண்டு: ஸ்கூல் லைப்ரரியில இருக்கு. வந்த அன்னைக்கே படிச்சிட்டேன்.

அப்பா: வந்த அன்னைக்கேவா?

சுண்டு: அப்பா, எனக்குப் பதினொண்ணு ஆயிடுச்சு. என் கிளாஸ்ல யாரும் இப்ப மிதக்கும் மளிகைக்கடை படிக்கிறது இல்ல. எல்லாரும் பேய்க் கதைக்குப் போயாச்சு.

அம்மா: உனக்குப் பிடிக்கும்னுதானடி நாங்க...

சுண்டு: பிடிச்சுது. ஆறாம் பாகம் வரைக்கும். அப்புறம் அந்த நீர்நாய் கொஞ்சம் போர்.

அப்பா: நீர்நாய் போரா!

சுண்டு: பாத்தியா, உனக்குக் கோவம் வருது.

அம்மா: அப்ப ஏழாம் பாகம்? எட்டு? நான் வேலையில இருந்து வந்து தொண்டை கட்ட மூணு குரல்ல படிச்சேனே? போர்னா சொல்ல வேண்டியதுதானே?

சுண்டு: எப்படிச் சொல்றது? நீ அவ்ளோ ஆசையா படிக்கிற. நான் தூங்கினதுக்கு அப்புறமும் தனியா உக்காந்து ரெண்டு பக்கம் படிக்கிற. நீர்நாய்க்கு அப்பா குரல்ல...

அம்மா: சுண்டு!

அப்பா: யார் குரல்ல?

சுண்டு: உன் குரல்லதான். "விடு, சரி பண்ணிடலாம்." கடையில தண்ணி ஏறினாக்கூட அப்படித்தான் சொல்லும். அம்மா சொன்னா உன்னை மாதிரியே இருக்கும்.

அப்பா: சும்மாதான் படிப்பேன்னு சொன்ன?

அம்மா: ...உங்க குரல்தான் சும்மா வருது. யோசிக்காம வந்துடுது. நான் என்ன பண்ண?

அப்பா: நான் ஒண்ணும் சொல்லலியே.

அம்மா: சிரிக்காதீங்க.

அப்பா: சிரிக்கல. கண்ணுல தூசி. உன் ஷூ ராக்குத் தூசி.

சுண்டு: எனக்குப் பசிக்குது.

அப்பா: இருடா. அப்ப அந்தச் சட்டம்? "அம்மா படிச்சதை அம்மாகிட்ட கேளு"ன்னு ஒண்ணு வச்சிருந்தியே. எதுக்கு?

சுண்டு: எதுக்குமில்ல.

அம்மா: சொல்லுடி.

சுண்டு: ...முன்னாடியெல்லாம் நீங்க எப்படி இருப்பீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இல்லையா?

அம்மா: எப்படி?

சுண்டு: நீ கதவைத் திறப்ப. பையை நீட்டுவ. "மருந்து சைடு ஜிப்புல இருக்கு." அப்பா "சரி"ம்பான். முடிஞ்சுது. யாரும் யாரையும் பாக்கவே மாட்டீங்க. நான் நடுவுல கூரியர் பார்சல் மாதிரி நிப்பேன். ஒரு நாள் அப்பா கேட்டான், "கடையில திருடினது யாருன்னு அம்மா வீட்டுல படிச்சீங்களா?"ன்னு. எனக்கு அன்னைக்குச் சொல்லப் பிடிக்கல. வாய் வலிச்சுது, பல்லு ஆடிட்டு இருந்துச்சு. "அம்மாகிட்ட கேளு"ன்னேன். அப்பா கேட்டான். அம்மா சொன்னா. ரொம்ப நேரம் சொன்னா. கையெல்லாம் ஆட்டி ஆட்டி.

அம்மா: எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு அடுப்புல வச்சது தீஞ்சு போச்சு.

சுண்டு: அதுல இருந்துதான் சட்டம். நீங்க ஒண்ணா இருந்தப்பகூட இவ்ளோ பேசினது இல்ல.

அப்பா: ஏய்...

சுண்டு: நிஜம்தானே?

அம்மா: ...நிஜம்தான்.

அப்பா: சுண்டு, அப்பா ஒண்ணு கேக்கட்டுமா? மூணு பேரும் சேர்ந்து அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படிச்சா, நீ வேற ஏதாவது... நினைச்சுக்குவியா?

சுண்டு: நீ இங்க வந்துடுவேன்னா?

அப்பா: ம்.

சுண்டு: அப்பா, நான் சின்னப் பொண்ணு இல்ல. ஒரு அத்தியாயம் படிச்சா ஒரு அத்தியாயம் படிச்சோம்னு அர்த்தம். அவ்ளோதான்.

அம்மா: அந்த அலமாரித் தட்டு...

சுண்டு: அதை நானே கேக்கணும்னு இருந்தேன். அதை நான் எடுத்துக்கலாமா? நீச்சல் பை வைக்க இடமே இல்ல. நீதான் அதுல ஒரு கைக்குட்டைகூட வைக்க விட மாட்டேங்குற.

அம்மா: நானா?

சுண்டு: நீதான். சின்ன வயசுல ஏதோ தெரியாம காலி பண்ணிட்டேன். அதுக்காக இப்படியா?

அப்பா: எடுத்துக்கோடா. உன் தட்டுதான்.

அம்மா: ...எடுத்துக்கோ.

சுண்டு: தேங்க்ஸ். ஆனா ஒண்ணு.

அப்பா: என்ன?

சுண்டு: கதை முடிஞ்சதும் பழையபடி ஆயிடாதீங்க.

அம்மா: எப்படி?

சுண்டு: பையை மட்டும் குடுக்குறது. அது மட்டும் வேண்டாம். வேற புத்தகம் வேணும்னா பேய்க் கதை இருக்கு, பதினாலு பாகம். எனக்குப் போரடிச்சாலும் சொல்ல மாட்டேன். ஆனா திடீர்னு நிறுத்திட்டீங்கன்னா... எனக்கு அந்த வாசல் பிடிக்கவே பிடிக்காது.

அம்மா: இங்க வா. வா, தலையைக் காட்டு. நான் துவட்டி விடுறேன்.

சுண்டு: மெதுவா! காது!

அப்பா: இல்லடா. நிறுத்த மாட்டோம். பேய் என்ன, எது வேணா படிப்போம். பேய்க்கு யார் குரல்னு மட்டும் நீ முடிவு பண்ணு.

சுண்டு: அந்தப் பழைய வீட்டு ஓனர் இருக்காரே.

அம்மா: அவருக்குத் தெரிஞ்சா நம்ம மேல கேஸ் போடுவாரு.

சுண்டு: சரி, நான் ஒளிக்கல. அப்பா வெளியவே நிக்கிறான். அப்ப புத்தகம் எங்க?

அப்பா: அதானே? அது மட்டும் இன்னும் விளங்கல.

சுண்டு: காலையில நான் கெளம்புறப்ப டீவி மேசையில இருந்துச்சு. நான் தொடவே இல்ல.

அம்மா: தலையை ஆட்டாதன்னு சொன்னேன்ல.

சுண்டு: நான் ஆட்டல. நீதான் துண்டை என் மூஞ்சியில போட்டு மூடுற.

அப்பா: விடுடா, விடு. கிடைக்கும்போது கிடைக்கட்டும். என்கிட்டதான் இன்னொண்ணு இருக்கே. நான் போய் எடுத்துட்டு வந்துடறேன். மூணு பேரும் கீழ பார்க்குல உக்காந்து...

அம்மா: வேண்டாம்.

அப்பா: வண்டி கீழதான் நிக்குது. போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

அம்மா: போகாதீங்க. செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க.

அப்பா: உள்ளயா?

அம்மா: உள்ளதான். எத்தனை நாளைக்கு அங்கயே நிப்பீங்க? கால்மிதியில துடைச்சுட்டு வாங்க, ராக்குத் தூசியோட வராதீங்க.

அப்பா: வந்துட்டேன். எங்க உக்காரட்டும்?

அம்மா: அந்த நாற்காலியில என் ஆஃபீஸ் பை இருக்குல்ல, அதை எடுத்துட்டு உக்காருங்க.

அப்பா: கீழ வச்சிடவா?

அம்மா: வைக்க வேண்டாம். திறங்க.

அப்பா: கண்ணாடியா? கெளம்பும்போது தரேன்னுதான சொன்ன?

அம்மா: கண்ணாடி மேலயே இருக்கும், எடுத்துப் போட்டுக்கோங்க... புத்தகம் அதுக்கு அடியில இருக்கு.